பாப் பூபதியின் செருப்புக் காட்சி

ஜனவரி 8

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. இவர் பக்கத்து வீட்டில் இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டு ஆபீஸ் போனார்.

சாலிகிராமம் ஆபீஸில் கதை விவாதம். இனியன் இயக்கும் இரண்டாவது படம். ‘பாப் பூபதி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரே ஒரு கேசட் போட்டுவிட்டு, உலகமே தன் அடுத்த கேசட்டுக்காகத் தூங்காமல் காத்திருக்கிறது என்று நம்பும் தமிழ் பாப் பாடகனின் கதை. முழுக்க முழுக்கக் கேலி. பூபதியாக கஜேந்திரன் நடிக்கிறார். அவர் சும்மா நடந்து வந்தாலே தியேட்டரில் சிரிப்பார்கள்.

நான் பன்னிரண்டு வருடமாக சீரியலுக்கு வசனம் எழுதுகிறவள். மாமியார் அழவும் மருமகள் அழவும் எழுதிய கைக்குச் சிரிப்பு வருமா என்று அந்த அறையில் எல்லோருக்கும் சந்தேகம். மதியம்வரை வாயே திறக்கவில்லை. பிறகு சொன்னேன்: “மேடை ஏறுறதுக்கு முன்னாடி பூபதி ஸ்பீக்கரைத் தொட்டுக் கண்ல ஒத்திக்குவான். மிளகு போட்ட வெந்நியைக் கொப்பளிச்சிட்டு, ‘போலாம், ஜனங்க பாவம், ரொம்ப நேரமா நிக்கிறாங்க’ம்பான். வெளியில ஒரு பத்து பேர் நிப்பாங்க.”

இனியன் நாற்காலியிலிருந்து சரிந்து சிரித்தார். “வசுக்கா, எங்கேருந்து புடிக்கிறீங்க இதெல்லாம்?”

“தோணுச்சு.”

படத்தில் என் பெயரும் வருமாம். வசனம்: இனியன், வசுமதி. சீரியலில் என் பெயர் ஓடும் வேகத்துக்கு என் அம்மாவாலேயே படிக்க முடிந்ததில்லை.

ஜனவரி 15

பொங்கலுக்கு அயனாவரம் போகவில்லை. அண்ணனிடம் போனில் பேசினேன். வேலை அதிகம் என்றேன். உண்மையும் அதுதான்.

ஜனவரி 22

இன்றைக்குப் பெரிய அறுவடை. பூபதி தன்னைப் பற்றிப் பேசும்போது ‘நான்’ என்று சொல்லவே மாட்டான், ‘பூபதி வருவான், பூபதி பாடுவான்’ என்றுதான் சொல்வான். எடுத்துக்கொண்டார்கள். பஸ் டிக்கெட்டின் பின்னால் ஆட்டோகிராப் போட்டுப் பழகுவான். எடுத்துக்கொண்டார்கள்.

இடைவேளைக்கு முன் ஒரு பெரிய காட்சி வேண்டும் என்று இனியன் மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். செருப்புக் காட்சியைச் சொன்னேன். கல்லூரி விழா. பூபதி பாடுகிறான். கூட்டம் கத்துகிறது, பிறகு செருப்பு வருகிறது. அவன் பாட்டை நிறுத்தவில்லை. காலடியில் விழுந்த ஒரு செருப்பை எடுத்து ஸ்பீக்கர் மேல் பத்திரமாக வைத்துவிட்டு மிச்சத்தைப் பாடி முடிக்கிறான். அப்புறம் வேனில் உட்கார்ந்துகொண்டு மேனேஜரிடம் சொல்கிறான்: “பாத்தியா, எவ்ளோ அன்பு! கால்ல போட்டிருந்ததையே கழட்டிக் குடுக்கறாங்க.”

ஐந்து நிமிடத்துக்குச் சிரிப்புதான். உதவி இயக்குநர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இனியன் கேட்டார்: “கூட கோரஸ் பாட ஒரு பொண்ணு இருந்தா? அந்த மாதிரி ட்ரூப்ல எல்லாம் ஒரு பொண்ணு நிக்குமே.”

“வேணாம் இனியன். அவன் தனியா இருந்தாத்தான் சிரிப்பு.”

அதுதான் சரி. மேடையில் இன்னொரு ஆள் இருந்தால் பரிதாபம் வந்துவிடும். திரைக்கதைக்காகத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 11

உடை வடிவமைக்கும் பெண்ணுக்குத் தொண்ணூறுகளின் ஜிகினா கோட்டு எங்கேயும் கிடைக்கவில்லை. புதிதாகத் தைத்ததெல்லாம் புதிதாகவே தெரிகிறது. “எனக்குத் தெரிஞ்ச இடத்துல ஒண்ணு இருக்கு” என்று வாய் சொல்லிவிட்டது.

அயனாவரம் போனேன். ஹாலில் கீபோர்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பிள்ளைகள் ஒரே பாடத்தை ஏழெட்டு விதமாக வாசித்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்ததும் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்தான்.

“வா வசு! பொங்கலுக்கு வரலன்னு உங்க அண்ணி உன்மேல கோவமா இருக்கா. அப்படியே உள்ள போயிடாத, மொதல்ல சிரி.”

கோட்டு கேட்டேன். எதற்கு என்று கேட்கும் முன்பே பீரோவைத் திறந்துவிட்டான். பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தான். நீல வெல்வெட், தோளெல்லாம் வெள்ளி ஜிகினா. மூர் மார்க்கெட்டில் துணி எடுத்து, ஓட்டேரியில் தைத்தது.

“என்ன படம்?”

“தொண்ணூறுகள்ல பாப் பாட்டு பாடினவங்களைப் பத்தி.”

“அப்படியா! நல்லபடியா காட்டறாங்களா?”

“ம்.”

“நம்ம காலத்தையும் ஒருத்தன் படமா எடுக்கணும்னு நெனைக்கறானே. அவன் நல்லா இருக்கணும்.”

அண்ணி தோசை வார்த்துக் கொடுத்தார்கள். நிலானி கல்லூரியிலிருந்து வந்து, “அத்தை, அப்பா கோட்டு சினிமாவுல வரப்போவுதா?” என்று குதித்தாள். மூன்று தோசை சாப்பிட்டேன். நல்ல தேங்காய்ச் சட்னி.

அண்ணன் பெயர் கிருபாகரன். கேசட்டில் ‘கிருபா’ என்று மட்டும் இருக்கும். ஒரே கேசட். ‘இருபத்திமூணு சி பஸ்ஸே நில்லு’ என்ற பாட்டு அப்போது பெரம்பூர், அயனாவரம் பக்கம் டீக்கடைகளில் கொஞ்ச நாள் ஓடியது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 12

‘ம்’ என்று சொன்னால் பொய் சொன்னதாக ஆகாது.

மார்ச் 4

படப்பிடிப்பு தொடங்கிப் பத்து நாளாகிறது. இன்று கஜேந்திரன் முதல் முறையாகக் கோட்டைப் போட்டார். அவருக்குத் தோள் பெரிது, வயிறு அதைவிடப் பெரிது. முதுகில் நடுவே கத்தரியால் வெட்டி, உள்ளே கறுப்புத் துணி வைத்துத் தைத்தார்கள். நான் பக்கத்தில் நின்றுதான் பார்த்தேன். வேறு வழியில்லை.

வெட்டும்போது காலருக்கு உள்ளே நூலில் ‘கிருபா’ என்று தைத்திருந்ததை இனியன் பார்த்துவிட்டார். யார் என்று கேட்டார். என் அண்ணன் என்றேன்.

“பாடினவரா? நிஜமாவா? அக்கா, என்ன அக்கா நீங்க! அவரைக் கூட்டிட்டு வாங்க. செருப்பு சீன் அன்னிக்கு வரட்டும், நம்ம கெஸ்ட்.”

“அவருக்குக் கிளாஸ் இருக்கும்.”

“நம்பர் குடுங்க, நானே பேசறேன்.”

இயக்குநர் கேட்டால் எப்படிக் கொடுக்காமல் இருப்பது?

மார்ச் 19

அண்ணன் வந்தான். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கையில் ஒரு கிலோ பாதுஷா. பூந்தமல்லி தாண்டி ஒரு கல்லூரிக் கலையரங்கம். முந்நூறு துணை நடிகர்கள் மாணவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் இனியனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “எங்க காலத்தைப் படமா எடுக்கறீங்க தம்பி, ரொம்ப சந்தோஷம்” என்றான். இனியன் என்னைப் பார்த்தார். நான் கேமராவைப் பார்த்தேன்.

மானிட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். கஜேந்திரன் கோட்டோடு மேடை ஏறி, ஸ்பீக்கரைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அவன் ரசித்துத்தான் சிரித்தான்.

செருப்பெல்லாம் கலை இயக்குநர் ஸ்பாஞ்சில் செய்து வண்ணம் அடித்தவை. கூடை கூடையாகக் கொண்டுவந்து கூட்டத்துக்குக் கொடுத்தார்கள். அண்ணன் ஒன்றைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தான். “இது எதுக்கு வசு?” என்றான். அதற்குள் “ரெடி” என்று கத்திவிட்டார்கள்.

முதல் டேக் சரியில்லை. இரண்டாவதும் சரியில்லை. கஜேந்திரன் நல்ல மனுஷர், அவரே இறங்கி வந்து அண்ணனிடம் கேட்டார்: “சார், நீங்க மேடையில பாடினவரு. இந்த மாதிரி எறியும்போது முகம் எப்படி சார் இருக்கும்?”

அண்ணன் கையிலிருந்த ஸ்பாஞ்சுச் செருப்பைக் கீழே வைத்தான். பிறகு, “கண்ணை மூடத் தோணும் தம்பி. மூடக் கூடாது. மூடினா அடுத்தது எங்கேருந்து வருதுன்னு தெரியாது. கொஞ்சம் வலது பக்கமா தள்ளி நின்னுக்கணும்” என்றான்.

“ஏன் சார் வலது பக்கம்?”

“நாங்க அப்படித்தான் நிப்போம்.”

மூன்றாவது டேக் ஓகே. இனியன் அண்ணனைக் கட்டிப்பிடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வேன் காட்சி. அண்ணனைப் பஸ் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். அவன், “இருக்கேனே, கிளாஸ் ஆறு மணிக்குத்தான்” என்றான். கஜேந்திரன் வேனில் உட்கார்ந்து சொன்னார்: “பாத்தியா, எவ்ளோ அன்பு! கால்ல போட்டிருந்ததையே கழட்டிக் குடுக்கறாங்க.”

யூனிட் மொத்தமும் சிரித்தது. நான் திரும்பி அண்ணனைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பாதுஷா டப்பா மட்டும் கீழே இருந்தது, பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

மார்ச் 20

பல் வலி. கிராம்பு வைத்துக்கொண்டு எழுதினேன். அண்ணன் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

மே 6

படம் முடிந்தது. விளம்பரம் பார்க்கும் பிரிவிலிருந்து ஒரு பையன் வந்தான். ‘திரைக்குப் பின்னால்’ என்று இணையத்தில் தினம் ஒரு சின்னத் தகவல் போட வேண்டுமாம். மக்கள் படத்தைவிட இதைத்தான் அதிகம் படிக்கிறார்களாம். படப்பிடிப்பில் முழுக்க இருந்தவள் நான் என்பதால் நான்தான் எழுத வேண்டும்.

எழுதியவை: செருப்புக் காட்சிக்கு ஸ்பாஞ்சுச் செருப்பு செய்ய ஒரு வாரம் ஆனது. ஸ்பாஞ்சுதான் என்றாலும் ஒன்று கஜேந்திரனின் காதில் பட்டு இரண்டு நாள் சிவந்திருந்தது. பூபதியின் ‘டபுள் டெக்கரே டாட்டா’ பாட்டுக்குப் பின்னணி பாடியவருக்கு உண்மையில் நல்ல சாரீரம், சுருதி விலகிப் பாட அவர் தனியாகப் பயிற்சி எடுத்தார். பூபதியின் கோட்டு அசல் தொண்ணூறுகளின் கோட்டு.

கடைசியாக ஒன்று எழுதினேன்: ‘எவ்ளோ அன்பு’ என்ற வசனம் திரைக்கதையில் கிடையாது, கஜேந்திரன் படப்பிடிப்பில் அந்த நொடியில் தானாகச் சொன்னது.

கஜேந்திரனுக்கே போன் செய்து சொன்னேன். “அப்படியாம்மா? எனக்கே ஞாபகம் இல்லியே. சரி, நல்லாத்தான் இருக்கு, வெச்சுக்கங்க” என்றார்.

என் சிறந்த வசனத்தை நானே இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அது அவனைப் பற்றியது இல்லை என்று அண்ணன் நினைத்துக்கொள்வான் அல்லவா? நடிகர் சும்மா சொன்னார், தற்செயல்.

மே 14

அந்தப் பையன் போன் செய்தான். “மேடம், உங்க அண்ணன் செட்டுக்கு வந்த போட்டோ இருக்கு. செருப்பு சீனுக்கு அவர் டிப்ஸ் குடுத்தாராமே! போட்டுக்கலாமா?”

‘ஆலோசனை வழங்கிய பாடகர் கிருபா’ என்று மரியாதையாக நாலு வரி எழுதிக் கொடுத்தேன். எழுத முடியாது என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராவது எழுதினால் இன்னும் மோசமாக எழுதுவார்கள் என்று தோன்றியது.

மே 15

என் நாலு வரிக்கு மேலே அவன் தலைப்பு வைத்திருக்கிறான்: ‘நிஜ பாப் பூபதி இவர்தான்!’

காலையிலேயே ஆயிரக்கணக்கில் பகிர்ந்திருந்தார்கள். மாற்றச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். பையன் முந்திக்கொண்டு, “மேடம், பட்டையைக் கிளப்புது!” என்றான். “ம்” என்றேன்.

மே 19

யாரோ அண்ணனின் பழைய பாட்டைத் தேடி எடுத்துவிட்டார்கள். ‘இருபத்திமூணு சி பஸ்ஸே நில்லு’ பாட்டுக்குக் கழுதை, கண்டக்டர், அரசியல்வாதி என்று விதவிதமாகப் படம் ஒட்டி வருகிறது. ஒன்றிரண்டு நிஜமாகவே சிரிப்பாக இருந்தது. ஒன்றைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். இவர் எட்டிப் பார்த்து, “உங்க அண்ணன்தானே அது?” என்றார்.

மே 27

அண்ணி போன் செய்தார்கள். மூன்று முறை எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தேன்.

“வசு, கிளாஸுக்கு வர்ற பசங்க செருப்பை வாசல்ல விடாம உள்ள கொண்டாந்து அவர் கீபோர்டு மேல வெச்சுட்டு சிரிக்குதுங்க. சின்னப் பசங்க, அதுங்களுக்கு என்ன தெரியும்? ரெண்டு பேரோட அம்மா, வேற இடம் பாத்துட்டோம்னு சொல்லிட்டாங்க. நிலானி காலேஜுக்குப் போமாட்டேன்னு படுத்துட்டா. உனக்குத் தெரிஞ்சுதான் நடக்குதா இதெல்லாம்?”

“அண்ணி, அது பப்ளிசிட்டி ஆளுங்க பண்றது.”

“அவங்களுக்கு யார் சொன்னா?”

குக்கர் விசில் அடித்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். குக்கர் எங்கள் வீட்டில்தான் அடித்தது, அது பொய்யில்லை.

ஜூன் 7

படம் வெளியானது. முதல் காட்சி. திரையில் என் பெயர் தெளிவாக நின்றது, நிதானமாகப் படிக்கலாம். செருப்புக் காட்சியில் தியேட்டர் அதிர்ந்தது. தியேட்டர்காரர்கள் வாசலில் எல்லோருக்கும் இலவசமாக ஸ்பாஞ்சுச் செருப்பு கொடுத்திருந்தார்கள், விளம்பரத்துக்காக. அந்தக் காட்சி வந்ததும் ஜனங்கள் திரையைப் பார்த்து எறிகிறார்கள், விசில் அடிக்கிறார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் மடியில் விழுந்த ஒன்றை எடுத்துக்கொடுத்து, “நீங்க எறியலியாக்கா?” என்றாள்.

நான் எதிர்பார்த்த நாள் இது. வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன்.

ஜூன் 16

படம் பெரிய வெற்றி. இருபத்திரண்டாம் தேதி வெற்றி விழா. அண்ணனை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி, அந்தப் பஸ் பாட்டைப் பாட வைக்க வேண்டும் என்று இனியனுக்கு ஆசை. “நீங்கதான் அக்கா கூட்டிட்டு வரணும்.”

அயனாவரம் போனேன். அண்ணி கதவைத் திறந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார்கள். அண்ணன் ஹாலில் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். விழாவைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் அவனை மதிக்கிறார்கள் என்றேன். அந்த வசனம்கூட கஜேந்திரன் தானாகச் சொன்னது என்றேன்.

துடைத்துக்கொண்டே சொன்னான்: “வேன்ல நம்ம ரெண்டு பேருதானே இருந்தோம் வசு. டிரைவர்கூட டீ குடிக்கப் போயிருந்தாரு.”

கீபோர்டின் கடைசிக் கட்டைவரை துடைத்தான்.

“நீ அழுதுட்டே இருந்த. சிரிக்க வெக்கலாமேன்னு சொன்னேன். நீயும் சிரிச்ச. அதை நீ பத்திரமா வெச்சிருப்பேன்னு தெரியாது.”

“அண்ணா, நான்…”

“சிரிக்கறாங்கன்னு எனக்கு வருத்தம் இல்ல. அன்னிக்கே சிரிச்சாங்க. பாட்டு சுமார்தான், எனக்குத் தெரியாதா?” துணியைக் கீழே வைத்தான். “முந்தாநாள் தியேட்டருக்குப் போயி படத்தைப் பாத்தேன். எப்ப வருவ, எப்ப வருவன்னு பாத்துட்டே இருந்தேன். நீ வரவே இல்ல. அந்த மேடையில நான் தனியா நிக்கல வசு. நீயும் நின்ன. பச்சைப் பாவாடை கட்டிட்டு நில்லு நில்லுன்னு நீதான் பாடின. என்னை மொத்தமா எடுத்துக் குடுத்துட்டு உன்னை மட்டும் எடுத்து ஒளிச்சு வெச்சுக்கிட்டியே.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

“நான் எதுக்கு வலது பக்கம் தள்ளி நின்னேன், அதுவாவது தெரியுமா உனக்கு?”

தெரியும். அவனுக்கு வலது பக்கம், ஓரடி பின்னால் நான் நின்றிருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. வந்ததில் பாதி எனக்காக வந்தது. ஒன்றுகூட என்மேல் படவில்லை.

இத்தனை மாதமாக இந்த நோட்டில் அதை எழுதவில்லை.

“விழாவுக்கு நான் வரல” என்றான். “நீ போ. உன் வேலை அது.”

ஜூன் 22

அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று இனியனிடம் சொல்லிவிட்டு, விழாவுக்குப் போனேன்.

பெரிய வணிக வளாகத்தில் இருக்கும் தியேட்டர். பாப்கார்னோடு ஆளுக்கு இரண்டு ஸ்பாஞ்சுச் செருப்பு. தொகுப்பாளர் ஒவ்வொருவரையும் மேடைக்குக் கூப்பிட்டுத் ‘திரைக்குப் பின்னால் ஒரு ரகசியம்’ கேட்டார். கஜேந்திரன் தன் காது சிவந்த கதையைச் சொன்னார். பிறகு என் முறை.

“வசுமதி மேடம், எல்லாருக்கும் புடிச்ச அந்த எவ்ளோ அன்பு டயலாக், கஜா சார் ஸ்பாட்ல சொன்னதாமே?”

“இல்லைங்க” என்றேன். “அப்படின்னு எழுதினது நான். அது பொய். அந்த டயலாக் எங்க அண்ணன் சொன்னது. அவர் பாட்டைக் கேட்டு நிஜமா செருப்பு விழுந்துச்சு. அவர் பூபதி மாதிரி ஒண்ணும் தெரியாத ஆளு இல்ல. எல்லாம் தெரிஞ்சுதான் நின்னாரு, கூட நான் நின்னேன்றதுக்காக. அவர்கிட்ட பாத்ததையெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் நான் இந்தப் படத்துல பேர் வாங்கினேன். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.”

இனியன் முதல் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். ஐந்தாவது வரிசையிலோ எங்கேயோ ஒருவன் சிரித்தான். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். தொகுப்பாளருக்கு உயிர் வந்தது.

“அப்போ நீங்கதான் ஒரிஜினல் கோரஸ்! பாடுங்க மேடம்!”

“பாடு, பாடு” என்று கூட்டம் கத்தியது. இறங்கிப் போயிருக்கலாம். மைக்கைப் பிடித்து, “இருபத்திமூணு சி பஸ்ஸே நில்லு, நில்லு, அவ இன்னும் ஏறல” என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கப் பொறுக்கவில்லை. முதல் செருப்பு சரணத்துக்கு முன்பே வந்தது. பிறகு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. சந்தோஷமாகத்தான் எறிந்தார்கள், விசில் அடித்துக்கொண்டு. வெறும் ஸ்பாஞ்சு. வலிக்கவே இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் உடம்பு சுருங்கியது. கண்ணை மூடிவிட்டேன். மூடியதும் அவன் சொன்னது சரியென்று தெரிந்தது, அடுத்தது எங்கேயிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

இரண்டு சரணமும் பாடினேன். முடியும்போது சிலர் கை தட்டினார்கள்.

ஜூன் 23

விழாவில் நான் பாடியது எல்லா இடத்திலும் ஓடுகிறது. நேற்றுவரை அண்ணன் முகம் இருந்த இடத்தில் இன்று என் முகம். சீரியல் ஆபீஸிலிருந்து நான்கு பேர் அதைச் சிரிப்பு எமோஜியோடு எனக்கே அனுப்பியிருக்கிறார்கள். இனியன் ஒரே வரி அனுப்பினார்: ‘என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்க்கா.’

அண்ணியிடமிருந்தும் வந்தது. ‘மேடையில சொன்னா சரியாப் போச்சா? போன பசங்க திரும்பி வருமா?’

வராது. அது மட்டுமில்லை. நேற்று மேடையில் நான் அவனுக்காகச் சொன்னேனா, எனக்கு லேசாக வேண்டும் என்று சொன்னேனா? இறங்கி வந்தபோது கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்று கனக்கிறது.

ஜூன் 24

சாயங்காலம் அயனாவரம் போனேன். யாரும் கூப்பிடவில்லை.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மூன்றே பிள்ளைகள். மூன்று பேர் என்பதால் வாசிப்பு தெளிவாகக் கேட்டது. அண்ணன் என்னைப் பார்த்தான், எழுந்து வரவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. கதவோரமாக நின்றேன். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன் கீபோர்டை லேசாகத் தட்டி, “இங்க பாரும்மா” என்றான்.

பிள்ளைகள் போன பிறகு நாற்காலிகளை அடுக்கினான். நானும் இரண்டை எடுத்து அடுக்கினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

“ரெண்டாவது சரணத்துல சுருதி விட்டுட்ட” என்றான், என்னைப் பார்க்காமல்.

“ம்.”

“நிலானிதான் காட்டினா. முழுசா பாத்தோம்.”

மின்விசிறியை நிறுத்தினான். விளக்கை நிறுத்தப் போனவன், சுவிட்சில் கை வைத்தபடி நின்று கேட்டான்:

“பயமா இருந்துச்சா?”

“இருந்துச்சுண்ணா. ஸ்பாஞ்சுதான்னு தெரியும். அப்பவும் இருந்துச்சு.”

“எனக்கும் ரொம்பப் பயமா இருந்துச்சு வசு, அன்னிக்கு” என்றான்.

இருபத்தைந்து வருடத்தில் அதை நான் அவனிடம் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. ஸ்பீக்கரைத் தொட்டுக் கும்பிட்டது தெரியும், மிளகு வெந்நீர் தெரியும், வேனில் பேசியது வார்த்தை பிசகாமல் தெரியும். இது தெரியாது.

உள்ளேயிருந்து அண்ணி, “அவ சாப்பிடறாளா இல்லியான்னு கேளுங்க, மாவு கொஞ்சம்தான் இருக்கு” என்றார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். சாப்பிடுகிறேன் என்று தலையை ஆட்டினேன்.